அவசரத்துக்கு வைத்த டாங்கி

கிருசாந்தனின் போட்டில் எண்ணெய் டாங்கிகள் மூன்று இருந்தன. மூன்றும் பின்பக்கத்திலே, எஞ்சினின் காலடியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. இரண்டு பிளாஸ்டிக். வெயில் பட்டு மஞ்சளாகிப்போனவை. ஒன்றின் கழுத்தில் விழுந்த வெடிப்புக்குச் சவர்க்காரத்தை அப்பி அப்பியே காலம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது இரும்பு டாங்கி. முள்ளியவளைப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்து, வலது மூலையில் இறக்கி, மேலே பைபர் பூசி, வாய் மட்டும் ஒரு சின்னக் குழிக்குள்ளே தெரியும்படி புதைத்து வைத்திருந்தான். போட்டின் அளவுக்கு அது வயிறு பெருத்த டாங்கி.

அந்த டாங்கியிலிருந்து ஒரு சொட்டு மண்ணெண்ணெயைக்கூட அவன் எரித்ததில்லை. கிழமைக்கொரு தரம் வாயைத் திறந்து ஈர்க்கை விட்டுப் பார்ப்பான். எண்ணெய் எப்போதும் கழுத்துமட்டும் தளம்பிக்கொண்டு நிற்கும். மணந்து பார்த்துவிட்டு மூடுவான். எதற்கு இது என்று சுகந்தினி கலியாணமான புதிதில் கேட்டாள். அவசரத்துக்கு என்றான். என்ன அவசரம் என்று கேட்டதற்கு, அவசரம் என்றால் அவசரம்தான் என்று சொல்லிவிட்டு வலை பொத்தப் போய்விட்டான். நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்த வருசம், கொக்கிளாய்க் கரை முழுக்கப் போட்டுகள் வெறுமனே கிடந்து காய்ந்தபோதும், அவன் அந்த டாங்கியைத் தொடவில்லை. வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலுமாக நாள் போனது. இதைவிடவும் ஒரு அவசரம் வருமா என்று அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "இது அவசரமில்லை, இது வரிசை" என்றான். அதற்கு மேல் என்ன கதைக்கிறது? சில புருசன்மாருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு, தனக்கு வாய்த்தவனுக்கு ஒரு இரும்பு டாங்கி என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சுகந்தினி கடலுக்குப் பிறந்தவள் இல்லை. தகப்பன் பழனியாண்டி மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வன்னிக்கு வந்து, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காடு வெட்டிக் கச்சானும் வெங்காயமும் போட்டவர். யானைக்கு வெடி கொளுத்தத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு அலையைத் தெரியாது. ஆனாலும் கிருசாந்தனோடு கூட வந்த பெடியன் வெளிநாட்டுக்குப் போய்விட, வேறு ஆள் அகப்படாமல் அவன் முழுசிக்கொண்டு நின்றபோது, நான் வாறன் என்று ஏறிவிட்டாள். மகள் சாரங்கா முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டா. முதல் கிழமை முழுக்கச் சத்தியெடுத்தாள். அலையால் பாதி, பின்பக்கத்திலிருந்து ஓயாமல் வரும் மண்ணெண்ணெய் மணத்தால் மீதி. பிறகு பழகிவிட்டது. வலை இழுக்கும்போது அவளுடைய கை கிருசாந்தனின் கையைவிடக் கெதி என்று கரையில் நாலு பேர் சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள். மணம் மட்டும் பழகவில்லை. மழை பெய்த மறுநாளில் அது இன்னும் மோசம். போட்டின் அடியில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் நிறம் நிறமாகப் படர்ந்து நிற்கும். டாங்கி நிறைய இருந்தால் கொஞ்சம் வழியத்தானே செய்யும் என்பான் அவன்.

போட்டின் பின்பக்கம் எப்போதும் தாழ்ந்துதான் கிடந்தது. எஞ்சின், அதை ஓட்டுகிறவன், மூன்று டாங்கி, எல்லாப் பாரமும் ஒரே இடத்தில். முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானம் பார்க்கும். கடலுக்குப் போகும்போது அது பெரிதாகத் தெரிவதில்லை. திரும்பி வரும்போதுதான் வினை. களப்பு கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் அலை முதுகுப்பக்கமிருந்து வரும். தாழ்ந்த பின்பக்கத்தைக் கண்டால் ஏறாமல் விடுமா?

புரட்டாதி பிறந்து காற்று முறுகத் தொடங்கிய ஒரு காலையில் ஏறியது. பெட்டி நிறையச் சூடை மீன். முகத்துவாரத்துக்குள் நுழையும் முன், எப்போதும்போல கிருசாந்தன் கையைப் பின்னால் விட்டு இரும்பு டாங்கியின் வாயை ஒரு தட்டுத் தட்டினான். அது அவனுடைய வழக்கம். மற்றவர்கள் பிள்ளையாரைக் கும்பிட்டு நுழைகிற இடத்தில் அவன் டாங்கியைத் தட்டி நுழைவான். தட்டி முடியவில்லை, பின்னால் எழும்பிய அலை அப்படியே போட்டுக்குள் வந்து விழுந்தது. எஞ்சின் தொண்டை கட்டி நின்றது. சுகந்தினி முழங்காலளவு தண்ணீரில் குந்தி, வெட்டின எண்ணெய்க் கானால் அள்ளி அள்ளி ஊற்றினாள். மீன் எல்லாம் மிதந்து திரும்பக் கடலுக்கே போனது. அடுத்த அலை சின்னதாக வந்தபடியால் தப்பினார்கள். பெரிதாக வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லுகிற வேலை எனக்கு இருந்திராது.

அள்ளிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. கரையில் கால் வைத்த பிறகுதான் வந்தது. சிவலட்சுமி அக்காவின் வீட்டு வாசலில் சாரங்கா ஒரு கால் செருப்போடு நின்றுகொண்டு, அம்மாவும் அப்பாவும் ஏன் நனைந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரே போட்டில் இரண்டு பேரும் போகிறோம், இரண்டு பேரும் வராமல்விட்டால் இந்தப் பிள்ளைக்கு யார் என்று சுகந்தினிக்கு அப்போதுதான் உறைத்தது.

பைபர் வேலை செய்கிற தர்சனைக் கூட்டிவந்து போட்டைக் காட்டினார்கள். தர்சன் வாய் ஓயாத ஆள். போட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தான். பின்பக்கத்தில் குந்திப் பார்த்தான். உது போட் இல்லை, பின்னால் ஒரு எண்ணெய்க் கடையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றான். மூன்றையும் கழற்றவேண்டும், புதிதாக இரண்டு டாங்கி எடுத்து நடுப்பலகைக்குக் கீழே, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி இருத்தவேண்டும், அப்போது பின்பக்கம் எழும்பும், அலை கீழால் போகும் என்று சொன்னான். பாரம் நடுவுக்கு வந்தால் எண்ணெய்ச் செலவும் குறையுமாம். கிருசாந்தன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினான். கடைசியில், பிளாஸ்டிக் இரண்டையும் மாற்று, இரும்பை விடு என்றான்.

தர்சன் சுகந்தினியைப் பார்த்தான். பாரத்தில் பெரும் பங்கு அந்த இரும்பில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதை மாற்றுவது சும்மா வேலை என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே, அந்த டாங்கி இருக்கிற போட்டில் தான் இனி ஏறப்போவதில்லை, அவனையும் ஏறவிடப்போவதில்லை என்று சொன்னாள். ஏறாவிட்டால் நில், நான் தனியப் போறன் என்றான் அவன். அந்த வீட்டில் அப்படி ஒரு கதை அதுவரை நடந்ததில்லை. இரண்டு நாள் இரண்டு பேரும் பிள்ளையோடு மட்டும் கதைத்தார்கள்.

வேலை நாள் வந்தது. சுகந்தினி போகாமல் இருக்கத்தான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. களப்புக் கரையில் போட்டை ஏற்றிவைத்து, தர்சன் நடுப்பலகைக்குக் கீழே புது டாங்கிகளுக்கு இடம் அளந்துகொண்டிருந்தான். பழைய பிளாஸ்டிக் இரண்டும் கழன்று மணலில் கிடந்தன. கிருசாந்தன் இரும்பு டாங்கிக்கு மேலேயே ஏறிக் குந்தியிருந்தான். வெட்டுகிற மெசினோடு யாரும் கிட்ட வந்தால் கடித்துவிடுவான் போலிருந்தது. அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். பிறகு திருப்பின முகத்தோடேயே, யாரும் கேட்காமல் கதைக்கத் தொடங்கினான்.

"சண்டையின்ர கடைசி நேரம் மாத்தளன் கரையில எங்கட போட் நிண்டது. எஞ்சின் திறம். எண்ணெய்தான் இல்லை. அப்பா வெறும் கானைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தறப்பாள் கொட்டிலா ஏறி இறங்கினவர். ஒரு கலன் காணும் எண்டு கேட்டவர். ஆரிட்டயும் இல்லை. பக்கத்து ஆக்கள் மத்தியானம் வெளிக்கிட்டுப் போயிட்டினம், அவையின்ர போட்டில இடம் இல்லை. நாங்கள் கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டம். அடுத்த நாள் யதுர்ஷிகா இல்லை."

யதுர்ஷிகா அவனுடைய தங்கச்சி. வீட்டுச் சுவரில், பள்ளிக்கூட உடுப்போடு, இரட்டைப் பின்னலோடு இருக்கிறாள். போரில் போனவள் என்ற அளவுக்குச் சுகந்தினிக்குத் தெரியும். படத்துக்குப் பூ வைக்கிறதும் அவள்தான். எண்ணெய்க் கதை தெரியாது. தகப்பன் ராஜரத்தினமும் சாகும்வரை அதை வாயில் எடுத்ததில்லை. தர்சன் மெசினைக் கீழே வைத்துவிட்டு, வெற்றிலை வாங்கிவருவதாகச் சொல்லி மெல்லக் கழன்றான். வாய் ஓயாதவன்தான், ஆனால் எங்கே ஓயவேண்டும் என்று தெரிந்தவன்.

சுகந்தினி மணலில் இருந்தாள். இவ்வளவு காலமும் இந்த மனிசனை விசரன் என்று மனதுக்குள் பேசியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அலையும் அவளுக்கு நினைவிலிருந்தது, ஒரு கால் செருப்போடு நின்ற பிள்ளையும் நினைவிலிருந்தது. தங்கச்சிக்காக வைத்த டாங்கி மகளை அநாதையாக்கவா? அப்படிக் கேட்டால் அவன் உடைந்துபோவான். கேட்கவில்லை. எழுந்து வந்து போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி, வச்சிருங்கோ. ஆனா அந்த அவசரம் இண்டைக்கு வந்திட்டுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. இந்த டாங்கியை எஞ்சினுக்குப் பூட்டி ஓடிப் பாப்பம். ஓடினா நான் இனி வாய் திறக்கமாட்டன்."

அவன் அவளை நம்பாமல் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். ஓடும் என்றான். அதில் அவனுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவளுக்கும் அது ஓடாது என்று அப்போது தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிக்கொண்டேனோ, ஓடிவிட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டுமே என்றுதான் அவள் யோசித்தாள். திரும்பி வந்த தர்சன், அவள் சொன்னபடி, இரும்பு டாங்கியின் அடியிலிருந்த குழாயில் எண்ணெய்க் குழாயைப் பூட்டிக் கொடுத்தான். அந்தக் குழாய்க்கு அதுதான் முதல் வேலை.

போட்டைத் தள்ளிக் களப்பில் இறக்கினார்கள். இந்த எஞ்சின்களைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பெற்றோலில் உடனே பிடித்தது. கிருசாந்தன் மாற்றினான். எஞ்சின் ஒரே சீராகப் பாடிக்கொண்டு ஓடியது. கரை விலகியது. அவன் முகத்தில், இப்ப என்ன சொல்லுகிறாய் என்ற சிரிப்பு வந்தது. கலியாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. சுகந்தினி தோற்றுப்போனேன் என்று நினைத்து, அந்தச் சிரிப்புக்காகத் தோற்றாலும் பரவாயில்லை என்றும் நினைத்தாள். கண்டல் மரங்களைத் தாண்டும்போது எஞ்சின் ஒரு இருமல் இருமியது. பிறகு இன்னொன்று. பிறகு நின்றது.

கயிற்றை இழுத்தான். இழுத்தான். தோள் நோக இழுத்தான். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்றான். அவள் தான் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து வெறுமையாக்கினாள். ஊரில் தகப்பன் வெங்காயத் தோட்டத்துப் பம்முக்கு மண்ணெண்ணெய் விடுமுன், அடியிலிருந்து கொஞ்சம் போத்தலில் பிடித்து வெயிலுக்குத் தூக்கிப் பார்ப்பார். அவளும் அப்படியே டாங்கியின் அடிக்குழாயிலிருந்து பிடித்து, வெயிலுக்குத் தூக்கினாள். தேத்தண்ணி நிறம். துருத் துகள் அடியில் இறங்கியது. மேலே எண்ணெய் பிரிந்து மிதக்குமென்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் பிரியவில்லை.

கிருசாந்தன் போத்தலை வாங்கி விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்பில்லை என்றான். மழைத்தண்ணீர். டாங்கியின் வாய் குழிக்குள் இருந்தபடியால் பெய்கிற மழையெல்லாம் அங்கே தேங்கியிருக்கிறது. மூடியின் றப்பர் எப்போதோ செத்துப்போயிருக்கிறது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்க இறங்க, மண்ணெண்ணெய் மேலே எழும்பி வழிந்துபோயிருக்கிறது. ஈர்க்கை விட்டால் எப்போதும் நிறைந்துதான் இருக்கும், மேலே கிடந்த மிச்ச எண்ணெய் மணக்கத்தான் செய்யும். எஞ்சினுக்குள்ளே மிஞ்சிக்கிடந்த பழைய எண்ணெயில்தான் கண்டல்மட்டும் ஓடியிருக்கிறது. மழைக்கு மறுநாள் போட்டின் அடியில் நிறம் நிறமாகப் படர்ந்தது எதுவென்று சுகந்தினிக்கு இப்போது விளங்கியது. அவன் குழாயை முழுக்கத் திறந்துவிட்டான். வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. வாளி நிறையும்போதெல்லாம் அவன் களப்பில் ஊற்றினான். கடைசியில் ஒரு போத்தல்கூட நிறையாத மண்ணெண்ணெய் வந்து, குழாய் சிணுங்கி ஓய்ந்தது.

வாளியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் இருந்தான். "இவ்வளவு காலமும் மழைத்தண்ணிக்குக் காவல் இருந்திருக்கிறன், சுகி. அண்டைக்கு மாதிரி ஒண்டு வந்திருந்தா, கண்டல் மட்டும் போயிருப்பம்."

சுகந்தினி அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "வரேல்லையே. இதை நம்பி நீங்கள் நித்திரை கொண்டியள். நான் உங்களை நம்பி நித்திரை கொண்டன். பிள்ளை வளந்திட்டுது. இவ்வளவும் இந்த டாங்கி இல்லாமலே நடந்திருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அழுதான். தங்கச்சி செத்ததற்கு அழ நேரம் கிடைக்காத ஒருவன், நேரம் கிடைத்த அன்றைக்கு எப்படி அழுவானோ அப்படி அழுதான். அவள் தடுக்கவில்லை. அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். அழுது முடிந்ததும் மூக்கைச் சிந்தி, எஞ்சினும் இல்லை, எண்ணெயும் இல்லை, இனி எப்படிப் போகிறது என்று கேட்டான். களப்பு அந்த இடத்தில் இடுப்பளவுதான். இருவரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சேறு வழுக்கி அவள் இரண்டு தரம் விழுந்தாள். இரண்டாம் தரம் அவன் சிரித்தே விட்டான். கரையில் தர்சன் எழும்பி நின்று, எண்ணெய்ச் செலவு இவ்வளவுக்குக் குறையும் என்று தான் சொல்லவில்லையே என்று கத்தினான்.

அன்றைக்கே இரும்பு டாங்கி வெளியே வந்தது. பைபரை வெட்டியது தர்சன், தூக்கி இறக்கியது கிருசாந்தன். வெறுமையாகப் பார்க்க அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. புது டாங்கிகள் இரண்டும் நடுப்பலகைக்குக் கீழே பட்டி போட்டு இறுக்கி உட்கார்ந்தன. அடுத்த நாள் அவளும் அவனும் மோட்டார் சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போனார்கள். எண்ணெய் செட்டில் நிற்கிற பெடியனுக்குக் கிருசாந்தனை நன்றாகத் தெரியும். கான் கழுத்துக்கு மேலே வந்து நுரைத்தாலும், இன்னும் கொஞ்சம் விடு தம்பி என்று நிற்கிற ஆள். பெடியன் அந்த நினைப்பில் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"காணும்" என்றான் கிருசாந்தன். பெடியனுக்குக் காதில் விழவில்லையோ, விழுந்தும் நம்பவில்லையோ தெரியாது, கையை எடுக்கவில்லை. "தம்பி, காணும். நாலைஞ்சு நாளைக்கு இது போதும்." சுகந்தினி றோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கண் கலங்கினதை அவன் காணவேண்டாம் என்றுதான்.

அடுத்த கிழமை, காற்று கொஞ்சம் தணிந்த ஒரு விடியலில் கடலுக்குப் போனார்கள். போட் மூக்கைத் தூக்காமல் படிந்து ஓடியது. மண்ணெண்ணெய் மணம் இல்லை. அவள் முன்பக்கத்து அணியத்தில் இருந்து றொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டாள், வயிறு ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் முக்கால்வாசி மீன். திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் வெள்ளை நுரை தெரிந்ததும் அவள் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். சாரங்காவின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கிருசாந்தன் எஞ்சின் பிடியை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மற்றக் கையை வழக்கம்போலப் பின்னால் விட்டான். அங்கே ஒன்றும் இல்லை. கை ஒரு கணம் அந்த வெறும் இடத்தில் நின்றது. பின்னால் அலை எழும்பி வந்தது. பின்பக்கம் இலேசாக மேலே ஏறியது, அலை அடியால் புகுந்து, முன்னால் வெளியேறி, களப்புக்குள் போய்ப் படுத்தது.

நின்ற கை அவள் பக்கம் நீண்டது. "பிளாஸ்கில தேத்தண்ணி கிடக்கே? கொஞ்சம் ஊத்தித் தா" என்றான்.